பயறு வெந்த தண்ணியைக் கீழே ஊற்றாதீர்கள்

“பால் இல்ல, தயிர் இல்ல, நெய் இல்ல, முட்டையும் இல்லன்னா அப்புறம் என்னத்ததான் திங்கறது?”

வீகன், அதாவது விலங்கிலிருந்து வருகிற எதையும் சாப்பிடாத பழக்கம், என்ற பேச்சை எடுத்தாலே தருமபுரிப் பக்கம் நம் சொந்தபந்தங்கள் கேட்கிற முதல் கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. அவர்கள் போனில் பார்ப்பதெல்லாம் பாதாம் பாலும் சோயாப்பாலில் செய்த டோஃபுவும் முந்திரியை அரைத்துச் செய்த வெள்ளை கிரீமும்தான். அந்தச் சாமான்களின் விலையைக் கேட்டால் சந்தைக்குப் பையோடு போகிறவர்களுக்கு மயக்கமே வரும்.

என் அண்ணன் மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். பால், தயிர், கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்பது அவள் பாடு, அதை இங்கே விவாதத்துக்கு வைக்கப் போவதில்லை. பாலக்கோட்டுக்கு அவள் வரும்போதெல்லாம் சமைத்துப் போட்டதில் எனக்கு ஒன்று மட்டும் உறுதியாகிவிட்டது. காய்கறிச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று சொல்கிற வீடுகளில் குறை பாலிலும் நெய்யிலும் இல்லை, பயறுக்குக் கொடுக்கிற மரியாதையில் இருக்கிறது.

ஆட்டுக்கறி வாங்கி வந்தால் என்ன செய்கிறோம்? அலசி, மஞ்சள் போட்டு, பக்குவமாக வேகவிட்டு, முதல் சாற்றைப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் குழம்பு. அதே வீட்டில் காராமணியைக் குக்கரில் போட்டு விசில் விட்டு, வெந்த தண்ணியை அப்படியே சிங்க்கில் சாய்த்துவிட்டு, வெறும் கொட்டையைத் தாளித்து வைத்துவிட்டு, “சைவம்னா இப்படித்தான் இருக்கும்” என்கிறோம். ருசி முழுக்க அந்தத் தண்ணியோடு சாக்கடைக்குப் போய்விட்டது. தண்ணியில் கரைகிற பி வைட்டமின்களில் ஒரு பங்கும் அதோடுதான் போகிறது.

தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிற வீடுகளில் பஸ்ஸாரு என்று ஒன்று வைப்பார்கள். சாப்பிடாதவர்கள் ஒருமுறை சாப்பிட்டே ஆக வேண்டும். காராமணியோ கொள்ளோ துவரையோ, வீட்டில் எது இருக்கிறதோ அதை வேகவைத்து, முக்கால் பதம் வந்ததும் ஒரு கட்டு தண்டுக்கீரையை நறுக்கி அதிலேயே போடுவார்கள். வெந்ததும் வடிகட்டினால் இரண்டு சமையலுக்கு வழி பிறந்துவிடும். கெட்டியாக நிற்கிற பயறும் கீரையும் கடுகு, வரமிளகாய், வெங்காயம் தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியலாகிவிடும். வடித்த தண்ணிக்கு வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் வாணலியில் சுட்டுச் சிவக்க வறுத்து, தேங்காயோடு அரைக்க வேண்டும். வெந்த பயற்றில் ஒரு கைப்பிடி எடுத்து அந்த அரைப்பிலேயே சேர்ப்பதுதான் சூட்சுமம். சாற்றுக்கு உடம்பு வருவது அதனால்தான். புளி கரைத்து ஊற்றி ஒரு கொதி. கேழ்வரகுக் களிக்கு இதைவிடத் தோதான துணை எனக்குத் தெரியாது. ஒரு துளி பால், நெய் கிடையாது. எதையாவது எடுத்துவிட்டுச் செய்த சமையல் என்ற நினைப்பே சாப்பிடும்போது வராது.

நம் தமிழ் வீடுகளில் கொள்ளுக்கு இதே கணக்குத்தான். வெந்த தண்ணி ரசத்துக்கு, கொள்ளு கடையலுக்கு. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு வைக்கிற கொள்ளு ரசம் சளி பிடித்தால் மட்டும் ஞாபகம் வருகிற மருந்தாகிவிட்டது. எனக்கு இதில் கோபமே உண்டு. நல்ல சாப்பாட்டை மருந்து என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை அண்டவிடாமல் செய்துவிட்டோம். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. நாமோ அதை மாட்டுக்கு வைத்துவிட்டுப் புரதமாவு டப்பா வாங்குகிறோம்.

குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் காப்பாற்றச் சொல்வது வெந்த தண்ணியை. ராத்திரி ஊறவைத்த தண்ணியைக் கீழேதான் ஊற்ற வேண்டும். வயிற்றை ஊதவைக்கிற சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். ராஜ்மா வாங்குகிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருங்கள், அதை ஊறவைத்து, அந்தத் தண்ணியை மாற்றி, நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

அப்புறம் நம் ஊர்த் தண்ணி. போர் தண்ணியில் பருப்பு வேகாது என்று நம் பெண்கள் காலங்காலமாகச் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. போர் தண்ணியில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பயற்றின் தோலில் உள்ள பெக்டின் என்கிற பசைப்பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கொட்டை கல்லு மாதிரியே கிடக்கும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது நிலத்தடித் தண்ணியில் இருக்கிற ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டுப்போவதைத் தடுக்கத்தான். ஆனால் ஆற்றுத்தண்ணி வந்த வீடுகளில் அடுப்படிக்கும் நிம்மதி வந்தது. இன்னும் போர் தண்ணியில் சமைக்கிறவர்கள் ஊறவைக்கிற தண்ணியில் கொஞ்சம் கல்லுப்பு போட்டுப் பாருங்கள், சீக்கிரம் மெத்துமெத்தென்று வேகும். சோடா உப்பு வேண்டாம், தயமின் என்கிற பி1 அதில் அழிந்துவிடும். புளியும் தக்காளியும் கொட்டை வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாடியே சேர்ந்துவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் வேகாது.

தக்காளி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டைச் சுற்றி இருக்கிறவர்கள் நாம். விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டுகிற அளவுக்குத் தக்காளி விளைகிற மண். அதனாலோ என்னவோ எல்லாக் காய்க்கும் ஒரே குழம்பு வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, பாக்கெட் மசாலா. கத்தரிக்காய் போட்டாலும் அதே வாசனை, சுரைக்காய் போட்டாலும் அதே வாசனை. வீட்டில் யாராவது “தினமும் ஒண்ணேதானா” என்றால் காய்மேல் பழி. கத்தரிக்காய்க்கு வறுத்த நிலக்கடலையும் எள்ளும் வரமிளகாயும் பொடித்துப் போட்டுச் செய்து பாருங்கள், அது வேறு உலகம். சுரைக்காய்க்கு ஊறவைத்த கடலைப்பருப்பும் சீரகமும் தேங்காயும் போதும். பீர்க்கங்காய்த் தோலை வதக்கித் துவையல் அரைத்தால் ஒரு தட்டுச் சோறு இறங்கும். தயிரும் நெய்யும் கொடுக்கிற கொழுப்பையும் வழவழப்பையும் கடலையும் எள்ளும் தேங்காயும் கொடுத்துவிடும். இவை மூன்றும் நம் மாவட்டங்களிலேயே விளைகிறவை. புளிக்கு நாம் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இப்போது பிதுக்கம்பருப்புக்கு வருகிறேன். மார்கழி, தை மாதத்தில் பச்சை அவரைக்கொட்டை மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும். பெங்களூர்க்காரர்களும் அடித்துப் பிடித்து வாங்குகிற சரக்கு. கொட்டையைத் தண்ணியில் ஊறப்போட்டு, விரலால் அழுத்தினால் தோல் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமும் துள்ளும். அந்தப் பருப்பைக் கறிக்குழம்புக்கு அரைக்கிற அதே மசாலாவில், பட்டை, கிராம்பு, சோம்பு, மல்லி, தேங்காய் எல்லாம் வறுத்து அரைத்து, சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு வைத்தால், கறி இல்லை என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. பிதுக்குவது ரொம்ப வேலை என்பார்கள். ஆமாம், வேலைதான். அதை அம்மா ஒருத்தியே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கிரிக்கெட் பார்த்துக்கொண்டே பிதுக்கலாம். கண் டிவியில் இருந்தாலும் விரல் தன் வேலையைப் பார்க்கும். இந்தச் சமையல் செத்துக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம், நோகாமல் சாப்பிட மட்டும் ஆட்கள் இருப்பதுதான்.

கீரையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டாம். மழை பெய்தால் கொல்லையில் தானாக முளைக்கிற பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் பறித்துக் கலந்து கடைந்தவர்கள்தான் நாம். மத்து இருக்கிற வீட்டில் மிக்ஸி போடாதீர்கள், அவ்வளவுதான்.

சத்துக்கு வருவோம். “பால் குடிக்கலன்னா எலும்பு என்னாவும்?” என்று அண்ணிக்குக் கவலை. நியாயமான கவலைதான், அதுவும் ஃபுளோரைடு பூமியில் கால்சியம் குறைந்தால் பாதிப்பு இன்னும் கூடும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120. உடனே கேழ்வரகு மூன்று மடங்கு என்று தாவ வேண்டாம். கேழ்வரகில் இருக்கிற ஃபைட்டேட் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அத்தனையும் உடம்பில் சேராது. அதற்குத்தான் முளைகட்டுவது. ஊறவைத்து, துணியில் கட்டி முளை விட்டதும், நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்தால் ஃபைட்டேட் குறையும், மாவும் இனிப்பாக இருக்கும். முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பாலக்கீரையை மட்டும் கால்சியத்துக்கென்று நம்பாதீர்கள், அதில் மிகுதியாக இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது.

களிக்கு ஏன் பயறுக் குழம்பு என்பதற்கும் காரணம் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது. தானியப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பயற்றில் அது நிறைய. பயற்றில் மெத்தியோனின் என்கிற இன்னொன்று குறைவு, அதைக் கேழ்வரகு ஈடுகட்டும்.

இரும்புக்கு ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அசைவம் சாப்பிடுகிற வீட்டுப் பெண்களும் சேர்ந்த கணக்கு இது, பால் விட்டவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். அதிலிருக்கிற டானின், கீரை, பயற்றின் இரும்பை உடம்பில் சேரவிடாது. அதற்குப் பதில் பயற்றின்மேல் அரை எலுமிச்சை பிழியுங்கள், மாங்காய் சீசனில் இரண்டு கீற்று மாங்காய் போடுங்கள். வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

பி12 வைட்டமின் விஷயத்தில் மட்டும் சமையலறை தோற்றுவிடும். பழையசோற்றில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பிள்ளைகளின் நரம்பைக் கெடுத்துவிடாதீர்கள். பால்பொருளை முழுதாக விட்டவர்கள் டாக்டரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கேப்சூல் என்றால் உறை ஜெலட்டினா என்று பார்த்து வாங்குங்கள், அது மாட்டுத்தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது.

இன்னொன்று. இதையெல்லாம் படித்துவிட்டு “நம்ம பாட்டன் பாட்டியெல்லாம் வீகன்தான்” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் எருமைத்தயிர் சாப்பிட்டார்கள், கோழி அடித்தார்கள், கிடைக்கும்போது கறி தின்றார்கள். கிடைக்காத நாட்களில் களியும் கொள்ளும். அதில் கொள்கை எதுவும் இல்லை, இல்லாமைதான் இருந்தது. அரிசிச் சோறு கௌரவம், களி கேவலம் என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. 2023-ல் தருமபுரி ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது வாய்நிறைய வரவேற்றவர்களில் எத்தனை பேர் களி கிண்டினார்கள் என்று கேட்டால் பதில் வராது. அதே களியை ஹைவே ஹோட்டலில் மண்சட்டியில் வைத்தால் போட்டோ எடுக்கிறார்கள்.

கூழுக்கு மோர் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: நிலக்கடலையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, அடிபிடிக்காமல் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் நான்கைந்து பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவையுங்கள். வெயில் நாளில் ராத்திரியோடு உறைந்துவிடும், குளிர்காலத்தில் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். தயிர் மாதிரியே இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன், கடலை வாசனை வரும். ஆனால் கூழில் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் புளிப்பு சரியாக இருக்கிறது. முதல் முறை கொஞ்சமாக உறையூற்றுங்கள், பிடித்தால் அதில் ஒரு கரண்டி எடுத்து வைத்து அடுத்ததற்கு உறையாக்கிக்கொள்ளலாம்.