ரோசாஸ் மாகாணங்களின் காவலரா?

"அர்ஜென்டினாவின் ஒற்றையாட்சிக்காரர்கள் புவெனஸ் அயர்ஸின் சுயநலத்துக்காக நின்றவர்கள், கூட்டாட்சிக்காரரான ரோசாஸ் மாகாணங்களின் உரிமையைக் காத்தவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒற்றையாட்சிக்காரர்கள் அதிகாரம் மைய அரசிடம் குவியவேண்டும் என்றவர்கள், கூட்டாட்சிக்காரர்கள் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்றவர்கள். ரோசாஸ் 19ஆம் நூற்றாண்டில் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தை ஆண்ட ஆளுநர். பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குள் நுழையாத கதை இது.

அன்று சண்டையின் மையம் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தின் சுங்க வருவாய். 1826இல் அதிபரான ரிவதாவியா ஒற்றையாட்சிக்காரர்தான். அவரே அந்நகரைத் தேசியத் தலைநகராக்கிச் சுங்கத்தையும் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தார். கொதித்தெழுந்தவர்களில் புவெனஸ் அயர்ஸின் பெரும் பண்ணையார்களும் உண்டு. ரோசாஸ் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டின் அரசியலமைப்பை மாகாணங்கள் நிராகரித்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 1830இல் உள்நாட்டு மாகாணங்களைத் திரட்டி ஒற்றையாட்சி அணியை நடத்திய தளபதி ஹோசே மரியா பாஸ் பிறந்த ஊர் கோர்தோபா, துறைமுகம் அல்ல.

ரோசாஸ் என்ன செய்தார்? அரசு ஆவணங்களின் தலைப்பில் "கூட்டாட்சி வாழ்க" என்று எழுதவைத்தார், சிவப்புப் பட்டை அணியச் சொன்னார். சுங்கப் பணத்தை மட்டும் பிற மாகாணங்களோடு பகிரவில்லை. கூட்டாட்சி அரசியலமைப்பு எழுதக் கூட்டம் கூட்டுவதையும் கடைசிவரை தள்ளிப்போட்டார். 1852இல் கசெரோஸ் போரில் அவரை வீழ்த்திய உர்கிசா என்ட்ரே ரியோஸ் மாகாண ஆளுநர், அவரும் கூட்டாட்சிக்காரர்! 1853இல் கூட்டாட்சி அரசியலமைப்பு வந்தபோது அதை ஏற்காமல் தனியே நின்ற மாகாணம் எது தெரியுமா? புவெனஸ் அயர்ஸ்தான். சுங்கத்தை விட்டுக்கொடுக்க அது ஒப்புக்கொண்டதே 1859 உடன்படிக்கையில்தான்.