எட்டு மணி நேரம் அசையாது, கால்குலேட்டரைத் திறந்தால் சாகும்

நேற்று ராத்திரி 11.40. கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள். ஓடிபி வந்தது, ஆறு இலக்கத்தில் நாலு அடித்தாயிற்று. ஐந்தாவதுக்கு விரல் இறங்குகிறது, நான் ஓவர்கிளாக் பண்ணி (அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் விரட்டி) வைத்திருக்கிற கம்ப்யூட்டரின் திரை பொசுக்கென்று கறுத்துவிட்டது. விண்டோஸ் எரர் காட்டுகிற நீலத்திரைகூட இல்லை. சாகப்போகிறவன்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். இது நேராக ரீஸ்டார்ட்.

கேம் ஆடும்போது விழுந்தால் சரி என்று விடலாம். கனமான வேலை, மூச்சு வாங்கியிருக்கும். ஆனால் இந்தச் சனியன் கேமில் விழவே விழாது. போன ஞாயிற்றுக்கிழமை பிரைம்95 போட்டு எட்டு மணி நேரம் விட்டேன். மெர்சென் பகா எண் தேடுகிறவர்களுக்காக எழுதிய மென்பொருள் அது, நம்மைப் போன்றவர்களுக்கு ப்ராசஸரை வெளுக்கிற தடி. 86 டிகிரி, அறையே இட்லிப் பானை, ஒரு எரர் இல்லை. சந்தோஷமாகப் போய்த் தூங்கி எழுந்து காலையில் கால்குலேட்டரைத் திறந்தேன். காலி.

காரணம் தெரியாமல் இல்லை. அதுதான் கூடுதல் எரிச்சல். ப்ராசஸருக்குள் இருக்கிற எட்டு மூளைகள், அதாவது எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும்போது வேகம் தானாக இறங்கிக்கொள்ளும், கொடுக்கிற வோல்டேஜ் போதும். சும்மா கிடக்கும்போது சின்னதாக ஒரு வேலை வந்தால், ஒரே ஒரு கோர் துள்ளிக்கொண்டு 4.9 கிகாஹெர்ட்ஸுக்குப் பாயும். அந்த உச்சியில்தான் நான் பிடுங்கி வைத்த மில்லிவோல்ட் அதற்குத் தேவைப்படும். வோல்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30, உச்ச வேகத்தைக் கூட்டுகிற பூஸ்டில் பிளஸ் 200 மெகாஹெர்ட்ஸ். "எல்லாருக்கும் ஓடும், பயப்படாம போடுங்க" என்றார் வீடியோவில் ஒரு புண்ணியவான். நானும் பயப்படவில்லை. 4.7 இருந்தது 4.9 ஆனது. நூற்றுக்கு நாலு. இதில் நான் செய்கிற வேலை என்ன? ஜிஎஸ்டி கணக்கு.

விண்டோஸ் தன் கோளாறுகளை எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவரில் பார்த்தால் வியா லாகர் (ஹார்டுவேர் எரர் பதிவு), எண் 18, ஏபிஐசி ஐடி 6. ஒரு கோருக்கு இரண்டு ஐடி. அதாவது மூன்றாம் நம்பர் கோர் (பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், அதைத் தனியாக ஒரு நாள் திட்ட வேண்டும்). சரி, அவனுக்கு மட்டும் மைனஸ் 15 என்று வைத்தேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஐடி 10, ஐந்தாம் கோர். எட்டுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அம்மை போட்ட மாதிரி வரிசையாக ஒவ்வொருவனாகப் படுக்கிறான்.

அப்புறம்தான் நேற்று ராத்திரி புத்தி பேதலித்து ரேம் மேல் சந்தேகம் வந்தது. 3600 வேகத்தில் ஓடுவதை 3200க்கு இறக்கலாம் என்று பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற போர்டின் செட்டிங் திரை) போனவன், இறக்கிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கை சும்மா இருக்குமா? வேகம்தான் குறைகிறதே, டைமிங்கையாவது (ரேம் பதில் சொல்ல எடுக்கிற காத்திருப்பு) இறுக்குவோம் என்று 18 இருந்த இடத்தில் 14 போட்டேன். அவ்வளவுதான். டிஸ்ப்ளே இல்லை. போர்டு ஓரத்தில் ரேம் விளக்கு மட்டும் மஞ்சளாக முறைக்கிறது. சில முறை முயன்றுவிட்டுப் பழைய செட்டிங்குக்குத் தானே திரும்பும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. பதினோரு முறை எண்ணினேன். ஃபேன் சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும்.

சீமாஸ் கிளியர் பண்ண, அதாவது பயாஸ் செட்டிங்கை அழித்துப் பழையபடி ஆக்க, போர்டில் இரண்டே இரண்டு பின் இருக்கும். அது எங்கே இருக்கும்? கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் அடியில். கார்டைக் கழற்ற இரண்டு ஸ்க்ரூ, அது கஷ்டமில்லை. ஸ்லாட்டின் கடைசியில் ஒரு கொக்கி இருக்கிறதே, அதை அமுக்கினால்தான் கார்டு வரும். ஒரு பக்கம் கார்டின் தகடு, இன்னொரு பக்கம் கூலர் என்ற பெயரில் ஒரு இரும்புக் கோபுரம், நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாது. இதை வரைந்த இன்ஜினியருக்குக் கை என்று ஒன்று இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். மகளின் ஸ்கேலை எடுத்து, வாயில் போன் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, குப்புறப் படுத்து நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கொக்கியா, ஸ்கேலா, போர்டா? ஸ்கேல்.

இந்தக் கோலத்தில் இருக்கும்போது உள்ளிருந்து மனைவியின் குரல்: "பில்லை அப்பவே போன்ல கட்டிட்டேன், வந்து படுங்க."

போனில். இரண்டு நிமிஷத்தில். ஓவர்கிளாக் பண்ணாத போனில்.

ஒருவழியாகக் கார்டு வந்தது. பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் பத்து விநாடி தொட்டேன். மறுபடி மஞ்சள் விளக்கு. சரி, அந்த செட்டிங்கை உயிரோடு வைத்திருக்கிற போர்டு பேட்டரியையே மாற்றிவிடலாம், சிஆர்2032 புதிதாக ஒன்று வாங்கி வைத்ததுதான் இருக்கிறதே என்று எடுத்தால், பொத்தான் அளவு பேட்டரிக்கு உள்ளங்கை அளவு அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. நகத்துக்கு மசியவில்லை. கத்தரிக்கோல் வேண்டும்.

இப்போது வருகிறேன் கத்தரிக்கோலுக்கு. தீபாவளியிலிருந்து இன்றுவரை இந்த வீட்டுக்கு மூன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒன்று அடுப்படியில் பால் பாக்கெட் வெட்டி வெட்டிப் பிசுபிசுத்துக் கிடக்கிறது, பேட்டரி பக்கம் கொண்டு போக முடியாது. இன்னொன்று மகளின் கிராஃப்ட் டப்பாவில், கோந்து காய்ந்து திறக்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாவது, சிவப்புப் பிடி போட்டது, என் மேஜை டிராயரைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது என்று சொல்லி வைத்தது, அது எங்கே? யார் எடுத்தீர்கள் என்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹாலில் நின்று கத்தினேன். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை.