துண்டுகள் போதும், முழுச் சனிக்கிழமையையும் போடுங்கள்

பிரிட்டிஷ் டிவியின் பொற்காலம் என்று யார் தொகுப்பு போட்டாலும் அதில் வருவது அதே பத்துத் துண்டுகள்தான். நிகழ்ச்சித் தொகுப்பாளர் புரூஸ் ஃபோர்சைத் தன் நீண்ட தாடையைக் காட்டிக்கொண்டு நிற்பார், டாக்டர் ஹூ என்ற காலப் பயணத் தொடரின் நாயகன் டாம் பேக்கர் தரையைத் தொடும் கழுத்துத்துணியோடு ஓடுவார், மல்யுத்தக்காரர் பிக் டாடி வயிற்றாலேயே எதிராளியை இடித்துத் தள்ளுவார், முடிந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் "என்ன ஒரு காலம்" என்று உருகுவார்கள், மீதிப் பேர் "இதையா விழுந்து விழுந்து பார்த்தார்கள்" என்பார்கள். அந்தத் துண்டுகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதுதான் என் கட்சி. 1970களில் பிபிசியும் அதன் போட்டிச் சேனலான ஐடிவியும் சனிக்கிழமையில் காட்டிய திறமை, எதற்குப் பிறகு எதை வைப்பது என்ற வரிசையில்தான் இருந்தது. அந்த வரிசையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் இன்று நமக்குத் தொகுப்பு போடுகிறார்கள்.

ரேடியோ டைம்ஸ் இதழில் வந்த நிகழ்ச்சி நிரல்களை, 1923 முதல் 2009 வரை, பிபிசி ஜீனோம் என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமையை எடுத்துக் காலையிலிருந்து இரவு வரை வரிசையாகப் படிப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஐடிவி நிரல் அதில் கிடைக்காது. அந்தக் காலத்திலும் அப்படித்தான், 1991 மார்ச் வரை ரேடியோ டைம்ஸில் பிபிசி மட்டும்தான் இருக்கும், ஐடிவிக்கு டிவி டைம்ஸைத் தனியாக வாங்க வேண்டும். மொத்தமே மூன்று சேனல் இருந்த நாட்டில் ஒரு வாரத்துக்கு என்ன வருகிறது என்று முழுதாகத் தெரிந்துகொள்ள இரண்டு பத்திரிகை!

1976 இலையுதிர் காலத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் பிள்ளைகளுக்கு பிபிசியின் ஸ்வாப் ஷாப், அந்த அக்டோபர் 2ஆம் தேதிதான் தொடங்கியது, நோயல் எட்மண்ட்ஸ் நேரலையில் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசுவார், பிள்ளைகள் தங்கள் பொம்மைகளை மாற்றிக்கொள்வார்கள். ஐடிவி பக்கம் பர்மிங்ஹாமிலிருந்து டிஸ்வாஸ், ஒரே கூச்சல், வாளித் தண்ணீர், முகத்தில் கிரீம் அப்புவது. ஆனால் ஐடிவி என்பது பல வட்டாரக் கம்பெனிகளின் கூட்டு, அதனால் டிஸ்வாஸ் எல்லா ஊருக்கும் போகவில்லை.

மதியத்துக்கு மேல் விளையாட்டு, பிபிசியில் கிராண்ட்ஸ்டாண்ட், ஐடிவியில் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட். இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. நாடு முழுக்க மூன்று மணிக்குக் கால்பந்து ஆட்டங்கள் தொடங்கிவிடும், ஆனால் லீக் ஆட்டம் ஒன்றைக்கூட டிவியில் நேரலையாகக் காட்ட முடியாது, மைதானத்துக்குக் கூட்டம் வராமல் போய்விடும் என்று கிளப்புகளுக்குப் பயம். ஆக, நாட்டுக்கே பிடித்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு சேனல்களும் வேறு எதையோ காட்டி மக்களை உட்கார வைக்க வேண்டும். கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம், ஆக்ஸ்ஃபோர்டு-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி, விம்பிள்டன் மாதிரிப் பெரிய விஷயங்கள் பிபிசியின் கையில் இருந்தன. ஐடிவிக்கு மிஞ்சியது மற்ற குதிரைப் பந்தயங்கள், அமெரிக்காவிலிருந்து வந்த பீப்பாய் தாண்டும் போட்டி, அப்புறம் நான்கு மணி மல்யுத்தம். டிக்கி டேவிஸ் எதையும் உலகக் கோப்பை மாதிரி மரியாதையாக அறிமுகம் செய்வார், கென்ட் வால்டன் வர்ணனை. மல்யுத்தக்காரர் ஜயண்ட் ஹேஸ்டாக்ஸை கைப்பையால் அடிக்கப் பாய்ந்த பாட்டிகளைப் பற்றி அன்றைய ஆட்கள் இன்றும் பேசுகிறார்கள். முடிவு முன்கூட்டியே பேசி வைத்தது என்று தெரிந்துதான் பலரும் பார்த்தார்கள், அதனால் என்ன?

மல்யுத்தம் ஏன் நான்கு மணிக்கு? கால்பந்து ஆட்டங்கள் முடிவது 4.40 வாக்கில். அந்த நேரத்தில் வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் இருந்தாக வேண்டும், காரணம் பூல்ஸ், அதாவது கால்பந்து முடிவுகளின் மேல் கட்டும் பந்தயம். லிட்டில்வுட்ஸ், வெர்னன்ஸ் போன்ற கம்பெனிகளின் கூப்பனில் எந்த ஆட்டங்கள் சமனில் முடியும் என்று குறித்து அனுப்புவார்கள், இரு பக்கமும் கோல் விழுந்து சமனானால் 3 புள்ளி, எட்டு ஆட்டமும் அப்படி அமைந்துவிட்டால் வாழ்க்கையே மாறும். 1961இல் யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளி கீத் நிக்கல்சனுக்கு 1,52,319 பவுண்ட் விழுந்தது, அன்றைக்கு அது நம்ப முடியாத தொகை. அதனால் கால்பந்தே பிடிக்காதவர்களும் கையில் பென்சிலோடு காத்திருந்தார்கள். திரையில் டெலிபிரின்டர் என்ற தட்டச்சுக் கருவி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும், ஊர்ப் பெயர் வரும், எண் வரும், ஒரு நொடி நிற்கும், அடுத்த ஊர். பிறகு லென் மார்ட்டின் முழுப் பட்டியலையும் வாசிப்பார். 1958இல் கிராண்ட்ஸ்டாண்ட் தொடங்கியதிலிருந்து 1995 வரை அந்தக் குரல்தான். இரண்டாவது அணியின் பெயரைச் சொல்லும் ஏற்ற இறக்கத்திலேயே வெற்றியா, தோல்வியா, சமனா என்பது தெரிந்துவிடும், எண் பிறகுதான் வரும். பார்ப்பதற்கு எதுவுமே இல்லாத ஒரு பட்டியலுக்காக ஒரு நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, டிவி வரலாற்றில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய நாடகம் கிடையாது. 1963 ஜனவரியில் பனியால் ஆட்டங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது, பழைய ஆட்டக்காரர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, நடக்காத ஆட்டங்களுக்கும் முடிவு சொல்ல வைத்தார்கள். பூல்ஸ் நிற்கக் கூடாதே!

சரி, முடிவுகள் வாசித்தாயிற்று. அப்பா கூப்பனைக் கசக்கி எறிந்திருப்பார். இப்போது அறையில் இருப்பது யார்? விளையாட்டு பார்த்த பெரியவர்கள், அடுத்து வரப்போகும் பாப் பாட்டுக்காகக் காத்திருக்கும் இளசுகள், நடுவில் சின்னப் பிள்ளைகள். 1963இல் பிபிசியின் நாடகத் துறைத் தலைவர் சிட்னி நியூமனுக்கு முன்னால் இருந்த சிக்கல் இதுதான். கிராண்ட்ஸ்டாண்டுக்கும் பாப் பாட்டு நிகழ்ச்சியான ஜூக் பாக்ஸ் ஜூரிக்கும் இடையில் எல்லாரையும் எழுந்து போகாமல் வைத்திருக்க ஒன்று வேண்டும். அந்த இடைவெளிக்காகச் செய்யப்பட்டதுதான் டாக்டர் ஹூ. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். நவம்பர் 23, கென்னடி கொல்லப்பட்ட மறுநாள் மாலை ஒளிபரப்பானது, அடுத்த சனிக்கிழமை முதல் பகுதியை மறுபடியும் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். அறுபது வருடங்களைத் தாண்டியும் உலகம் முழுக்க ரசிகர்கள் வைத்திருக்கும் ஒரு தொடர், அட்டவணையில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கப் பிறந்தது! வரிசைதான் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் ஹூ முடிந்ததும் ஜெனரேஷன் கேம், இரண்டு தலைமுறைகள் ஜோடியாக வந்து பானை வனைவார்கள், நடனம் ஆடத் தடுமாறுவார்கள், கடைசியில் கன்வேயர் பெல்ட்டில் போகும் பரிசுகளை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். ஃபோர்சைத்தான் அதன் உயிர் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1978இல் ஐடிவி அவரைத் தூக்கிக்கொண்டு போய் சனிக்கிழமை இரவில் ஒரு பெரிய நிகழ்ச்சியையே கொடுத்தது. பிபிசி அவர் இடத்தில் அமைதியான, நளினமான லாரி கிரேசனை உட்கார வைத்தது. ஜெயித்தது கிரேசன்! நட்சத்திரம் சேனல் மாறினார், மக்கள் மாறவில்லை. சாயங்காலத்திலிருந்து அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசை அங்கேயே இருந்தது.

அப்புறம் நகைச்சுவை, ஒரு போலீஸ் தொடர், முடிந்துவிட்ட கால்பந்து ஆட்டங்களின் காட்சிகளைப் போடும் மேட்ச் ஆஃப் தி டே, பார்க்கின்சன் பேட்டி, தேசிய கீதம், திரை அணைந்துவிடும்.

அந்த நாளை இவ்வளவு புகழ்கிறேன் என்பதற்காக ஒன்றை மறைக்க மாட்டேன். பல வருடங்கள் சனிக்கிழமை இரவின் பெருமையாக பிபிசி வைத்திருந்த நிகழ்ச்சிகளில் ஒன்று பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு பாடி ஆடுவது. 1967இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான அமைப்பு மனு கொடுத்தும் நிறுத்தவில்லை, 1978 வரை ஓடியது. லண்டனின் பிரிக்ஸ்டனிலும் சவுத்தாலிலும் குடியேறிய குடும்பங்களின் வரவேற்பறையிலும் அதே டிவிதான் இருந்தது. குடும்பமே சேர்ந்து பார்த்த காலம் என்று உருகும் தொகுப்புகள் இதை நைசாகத் தாண்டிவிடும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தக் குடும்பம் சேர்ந்து பார்த்தது, எதைப் பார்த்துச் சிரித்தது என்றும் தெரிய வேண்டும்.

வீடியோ நாடா விலை அதிகம் என்று, மறுபடி பயன்படுத்த பிபிசி அழித்த பதிவுகள் ஏராளம். 60களின் டாக்டர் ஹூ பகுதிகள் பல இன்றும் இல்லை, டிக்சன் ஆஃப் டாக் கிரீன் என்ற போலீஸ் தொடரில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் 1976 வாக்கில் நிறையவே மிஞ்சியிருக்கிறது. பழைய தேர்தல் இரவுகளை பிபிசி பார்லிமென்ட் சேனல் முழுதாக, மணிக்கணக்கில் மறு ஒளிபரப்பு செய்திருக்கிறது. பாப் பாட்டு நிகழ்ச்சியான டாப் ஆஃப் தி பாப்ஸை 1976இலிருந்து வாரா வாரம் அதே வரிசையில் பிபிசி ஃபோர் 2011இல் போடத் தொடங்கியது. அதையே ஒரு சனிக்கிழமைக்குச் செய்யுங்கள். காலையிலிருந்து தேசிய கீதம் வரை, அதே மணிக்கு அதே நிகழ்ச்சி, வானிலை, அலுப்பூட்டும் ரக்பி, கால்பந்து முடிவுகள் எல்லாம் சேர்த்து. நாடா இல்லாத இடத்தில் என்ன வந்தது என்று எழுதிக் காட்டுங்கள். மின்ஸ்ட்ரல் ஷோ வந்த நாளாக இருந்தால் முன்னால் விளக்கம் சொல்லிவிட்டு அதையும் வெட்டாமல் போடுங்கள்.