நானே யோசித்து எழுதியதற்கு நான் எதற்குக் கப்பம் கட்ட வேண்டும்?

பல வருடங்களாக ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது யாரும் எடுத்துத் தங்கள் நிரலில் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பைப் பராமரித்து வருகிறேன். படங்களைச் சுருக்கி, வகை பிரித்து மற்ற நிரல்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. சம்பளம் கிடையாது, பிடித்துச் செய்கிறேன். ஒருநாள் ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து மெயில் வந்தது. லைப்ரரியின் ஒரு பகுதி அவர்களுடைய காப்புரிமைக்குள் (பேட்டன்ட்) வருகிறதாம், உரிமக் கட்டணம் பற்றிப் பேசலாமாம்.

அந்தப் பகுதியை எழுதியவர் ஒரு கல்லூரி மாணவர். அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. ஒரு சிக்கலோடு இரண்டு வாரம் உட்கார்ந்து, தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வழக்கு நடத்த என்னிடம் பணம் இல்லாததால் அந்த அறுபது வரியையும் நீக்கிவிட்டு அவருக்குத் தகவல் சொன்னேன். "நான் யாரையும் பார்த்து எழுதவில்லையே" என்று பதில் போட்டார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் காப்புரிமைச் சட்டத்துக்கு அந்த உண்மை தேவைப்படுவதில்லை. பதிப்புரிமை (காப்பிரைட்) என்றால், நான் எழுதிய நிரல் வரிகளை நீங்கள் எடுத்தால்தான் தவறு. அதே வேலையைச் செய்யும் நிரலை நீங்களே எழுதினால் அது உங்களுடையது. எனக்கு அந்தப் பாதுகாப்பே போதும். காப்புரிமையோ முறையையே பூட்டிவிடுகிறது, அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு. நான் சொந்தமாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது.

காப்புரிமைக்குச் சொல்லப்படும் நியாயம் என்ன? கண்டுபிடித்ததை ஊரறியச் சொல், பதிலுக்குச் சில காலம் தனியுரிமை வாங்கிக்கொள் என்பதுதான். மருந்துத் துறையில் இது சரியா என்று பேச எனக்குத் தகுதியில்லை. என் துறையில் நடப்பதைச் சொல்கிறேன். பல கம்பெனிகளில் டெவலப்பர்களுக்குக் கொடுக்கப்படும் அறிவுரை, காப்புரிமை ஆவணங்களைப் படிக்காதீர்கள் என்பது. தெரிந்தே மீறியதாக முடிவானால் அமெரிக்க நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்தலாம் என்ற பயம். படித்தாலே ஆபத்து என்றால் அந்த ஆவணத்திலிருந்து யார் எதைக் கற்றுக்கொள்வது?

ஜிஃப் என்ற பட வடிவத்தின் கதையைப் பாருங்கள். அதிலுள்ள எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறை 1984இல் ஒரு கணினி இதழில் கட்டுரையாக வந்தது. படித்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் அதை வைத்து ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. உலகமே பழகிய பிறகு, 1994 கடைசியில், யூனிசிஸ் நிறுவனம் தன் காப்புரிமைக்குக் கட்டணம் கேட்டது. பிஎன்ஜி என்ற மாற்றுப் பட வடிவம் பிறந்ததே அந்தக் கோபத்தில்தான். 'பார்த்தீர்களா, காப்புரிமையால் புதுமை வந்தது' என்பார்கள் சிலர். பிஎன்ஜி நல்ல வடிவம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜிசிப் என்ற கோப்புச் சுருக்க நிரல் உருவானதும் அதே முறையைத் தவிர்க்கத்தான். பிசிப் என்ற இன்னொரு சுருக்க நிரலில் இருந்த எண்கணிதக் குறியாக்கம் என்ற சுருக்க முறையைக் கழற்றிவிட்டு பிசிப்2 வந்ததும் காப்புரிமைக்குப் பயந்துதான். எழுத்துருக்களைத் திரையில் காட்டும் ஃப்ரீடைப்பில் எழுத்தைத் தெளிவாக்கும் கோட் தயாராகவே இருந்தது. ஆப்பிளின் காப்புரிமைகள் 2010 மே மாதம் காலாவதியாகும்வரை அதை வெளியிடும்போதே அணைத்து வைத்திருந்தார்கள். இப்படிச் சுற்றுவழி தேடியதில் எத்தனை நல்ல மூளைகளின் உழைப்பு போயிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறுவதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. இன்றைய அடிப்படை யோசனைகள் உருவான காலத்திலேயே காப்புரிமை வாங்கி வைத்திருந்தால் இந்தத் தொழில் அசையாமல் நின்றிருக்கும் என்று 1991இல் தன் அலுவலகக் குறிப்பில் எழுதியவர் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ். அதற்கு அவர் சொன்ன தீர்வு, நாமும் முடிந்தவரை காப்புரிமை வாங்கிக் குவித்து, பெரிய நிறுவனங்களோடு பரிமாறிக்கொள்வோம் என்பது. 2007இல் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் மற்ற கட்டற்ற மென்பொருள்களும் தங்கள் 235 காப்புரிமைகளை மீறுவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. 2018இல் அதே நிறுவனம் லினக்ஸைக் காக்கக் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பில் சேர்ந்து சுமார் 60,000 காப்புரிமைகளை லினக்ஸுக்காகத் திறந்துவிட்டது. அன்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் நிம்மதி ஒரு கம்பெனியின் மனமாற்றத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சிறிய கண்டுபிடிப்பாளரைக் காப்பதற்குத்தான் காப்புரிமை என்ற வாதத்தை நான் ஒருகாலத்தில் நம்பினேன். என்னிடம் ஒரு காப்புரிமை இருந்து, பல ஆயிரம் வைத்திருக்கும் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டால், அவர்கள் தங்கள் குவியலிலிருந்து பத்தை எடுத்து என் மீதே திருப்பிப் போடுவார்கள். எதையுமே தயாரிக்காமல் காப்புரிமையை மட்டும் வைத்திருப்பவர்கள்தான் அந்த எதிர்வழக்குக்குப் பயப்பட வேண்டாம். 2019இல், லினக்ஸுக்கான கட்டற்ற மென்பொருள்களை ஆதரிக்கும் க்னோம் அறக்கட்டளைக்கு நடந்தது இதுதான். ஷாட்வெல் என்ற புகைப்பட நிரலுக்காக, காப்புரிமையை வைத்துப் பிழைக்கும் ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. அறக்கட்டளை பணிந்து போகாமல் நன்கொடை திரட்டி நின்றது. 2020 மே மாதம் வழக்கு முடிந்தபோது அந்த நிறுவனத்தின் காப்புரிமைகளிலிருந்து ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் முழுவதற்கும் விடுதலை வாங்கிவிட்டது. என்னைப் போன்ற ஒற்றை ஆளுக்கு அந்தத் தெம்பு ஏது?

சட்டத்தை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் 2005 ஜூலை 6ஐ நினைவுபடுத்துவேன். மென்பொருளுக்குக் காப்புரிமை தர வழிவிடும் சட்ட வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் அன்று 648க்கு 14 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது. நிறுவனங்களின் நெருக்குதலுக்கு எதிராக நிரலாளர்கள் உறுப்பினர்களை நேரில் பார்த்து, கடிதம் எழுதி, விளக்கம் சொல்லி நடத்திய பல வருட வேலை அது.

அப்புறம், கம்பெனிகளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒன்று. காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் போனஸ் என்று சொல்வார்கள். தற்காப்புக்காக மட்டும்தான் வைத்திருப்போம் என்பார்கள். சொல்கிறவர் நேர்மையாகவே சொல்லலாம். ஆனால் கம்பெனி கைமாறினால் காப்புரிமையும் கைமாறும். லினக்ஸுக்கு வேண்டியதாக இருந்த நொவெல் என்ற மென்பொருள் நிறுவனம் விற்கப்பட்டபோது, அதன் 882 காப்புரிமைகளை மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு செய்த ஒரு கூட்டணி 45 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டு நிபந்தனை போட்டதால்தான் ஓப்பன் சோர்ஸ் பக்கம் ஓரளவு மூச்சு விட முடிந்தது.

என் முதல் வேலையில் நானும் அப்படி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த கம்பெனி இன்று இல்லை. என் பெயர் போட்ட காப்புரிமை மட்டும் மூன்றாவது கைக்குப் போய்விட்டது.