வாசலில நிண்டு சிரிக்கிறதுக்கும் ஒரு சம்பளமோ?

றெஸ்ரோறன்ற் வாசலில ஆக்களை வரவேற்று மேசையில இருத்துற ஒரு பிள்ளை பொறுக்கச் சொன்னதெண்டு, சாப்பிட வந்த ஒருத்தர் அந்தப் பிள்ளையை முகத்தோட எடுத்துப் போட்ட வீடியோவைப் பற்றி ஒண்டும் எழுதுறேல்ல எண்டுதான் இருந்தனான். லிங் போடத் தேவையில்லை, எல்லாற்ற ஸ்ரோறியிலயும் அதுதான் ஓடுது. ஆனா நேற்று கீழ கிடந்த கொமென்ற்ஸ் வாசிச்சாப் பிறகு நித்திரை வரேல்ல. "வாசலில நிண்டு சிரிக்கிறதுக்கும் ஒரு சம்பளம், அதில திமிர் வேற" எண்டு ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அதுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற இமோஜி.

ஓம் அண்ணை, சிரிக்கிறதுக்குத்தான் சம்பளம். நானும் யாழ்ப்பாணத்தில ஒரு றெஸ்ரோறன்ற் வாசலில நிண்டவள்தான், அதால சொல்லுறன்.

அந்தப் பிள்ளை அப்பிடி என்ன சொன்னது? "இருபது நிமிசம் ஆகும் அண்ணா, கொஞ்சம் பொறுங்கோ." அவ்வளவுதான். வீடியோ எடுத்த எங்கட ஆள் உடன உள்ள வெறுமையாக் கிடந்த மேசையளைச் சூம் பண்ணிக் காட்டுறார், ஏதோ பெரிய ஊழலைப் பிடிச்சிட்டாராம்.

மேசை வெறுமையாக் கிடந்தா உடன இருத்தலாம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? அந்த மேசையளுக்கு எண்டு ஒரு வெயிற்றர் இருப்பார், அவர் அந்த நேரம் பக்கத்தில பன்னிரண்டு பேருக்கு ஓடர் எடுத்துக்கொண்டு நிப்பார், அதில பாதிப்பேர் இன்னும் யோசிச்சுக்கொண்டு இருப்பினம், அதே நேரம் உங்களையும் கொண்டுபோய் அவரின்ர தலையில கட்டினா உங்களுக்குத் தண்ணி வைக்கக்கூட ஆள் வராது. குசினியும் அப்பிடித்தான். கொத்துப் போடுறவருக்கு ரெண்டு கைதான். ஆக்களை இடைவெளி விட்டு இருத்தினாத்தான் சாப்பாடு சூட்டோட நேரத்துக்கு வரும். வாசலில இருபது நிமிசம் நிக்கிறியளோ, இல்லாட்டி உள்ள இருந்து ஒரு மணித்தியாலம் மெனு கார்ட்டால விசிறிக்கொண்டு இருக்கிறியளோ? உங்களைப் பொறுக்கச் சொல்லுறது உங்களுக்காகத்தான். அவமானப்படுத்த இல்லை.

அந்த இருபது நிமிசமும் வாயில வந்த கணக்கில்லை. ஒவ்வொரு மேசையாப் பாத்து வைச்சிருக்கோணும், ஆர் கை கழுவ எழும்பீட்டினம், ஆருக்கு ஐஸ்கிரீம் போட்டுது, ஆர் பில் கேட்டவை எண்டு. பில் கட்டினாப் பிறகும் நம்பேலாது. எழும்புற நேரம் பாத்து மாமா ஒருத்தர் "அந்தக் காணி விசயம் என்னமாதிரி?" எண்டு தொடங்கினா, அந்த மேசை இன்னும் அரை மணித்தியாலத்துக்கு உங்களுக்கில்லை.

நல்லூர் திருவிழா 25 நாளும் வந்து நிண்டு பாருங்கோ. குடும்பத்தில பாதி விரதம், கனடாவில இருந்து வந்த பிள்ளையளுக்குச் சிக்கின் வேணும், அம்மம்மாவுக்கு மச்ச மணமே ஆகாது. குசினிக் கதவால தட்டு வாற வழியில அந்த மேசை இருக்கக்கூடாது. படியும் ஏறக்கூடாது. முழங்கால் ஏலாது எண்டு அவ வாய் திறந்து சொல்லமாட்டா, வரேக்க கதவு நிலையைப் பிடிக்கிற பிடியில நீங்கள்தான் கண்டுபிடிக்கோணும். பத்துப் பேர் எண்டு போனில சொல்லிப்போட்டு பதினாலு பேர் இறங்குவினம், "சின்னப்பிள்ளையள்தானே, மடியில இருப்பினம்" எண்டு. சின்னப்பிள்ளைக்கு மீசை முளைச்சிருக்கும்! அதுக்குள்ள நயினாதீவு விகாரைக்குப் போட்டு வாற சிங்கள ஆக்களின்ர பஸ் ஒண்டு சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கும், அவையளுக்குச் சிங்களத்தில "பொட்டக் இன்ன", கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லி, அதையும் சிரிச்சுக்கொண்டு சொல்லோணும்.

உடன வருவினம் தெரியும், "நாங்கள் காசு குடுக்கிறம், மரியாதை வேணாமோ?" எண்டு. வேணும்தான். பொறுங்கோ எண்டதில எந்த மரியாதை குறைஞ்சது? ரொறன்ரோவில, லண்டனில வாசலில ஒரு போர்ட் வைச்சிருந்தா வாயை மூடிக்கொண்டு லைனில நிக்கிறியள்தானே, பலாலி எயர்போட்டில வந்து இறங்கின உடன என்ன நடக்குது?

பில்லில 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் எடுக்கினம் எண்டு இன்னொருத்தர். அதில வாசலில நிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு போகுதெண்டு முதலாளியைக் கேளுங்கோ, கேட்டிட்டு எனக்கும் சொல்லுங்கோ. சில இடங்களில மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கினம் எண்டும் சொல்லுறியள். நிக்கினம்தான். பத்து மணித்தியாலம் காலில நிண்டா உங்கட மூஞ்சை எப்பிடி இருக்கும்?

எனக்குச் சாப்பாட்டுச் சண்டையில்லை பிரச்சினை. பாங்கில கவுண்டருக்குப் பின்னால இருந்து "நாளைக்கு வாங்கோ" எண்டா அது உத்தியோகம், கையெடுத்துக் கும்பிட்டிட்டு வருவியள். அதே வயசுப் பிள்ளை சாப்பாட்டுக்கடை வாசலில நிண்டு "பொறுங்கோ அண்ணா" எண்டா திமிர். எனக்குச் சம்பந்தம் பேசி வந்த வீட்டில "பிள்ளை எங்க வேலை?" எண்டு கேட்டவை. என்ர சொந்தப் பெரியம்மா முந்திக்கொண்டு "ஒரு கொம்பனியில" எண்டவ. நான் பக்கத்திலதான் இருந்தனான். அண்டைக்கும் சிரிச்சனான், பழக்கதோசம்.

எல்லாத்தையும் விடுங்கோ, அந்தப் பிள்ளையின்ர முகத்தை ஏன் போட்டனியள்? கடையில பிழையெண்டா கடையின்ர போர்ட்டைப் போடுங்கோ, முதலாளியைப் போடுங்கோ. அவரைக் கேக்க உங்களுக்குப் பயம். வேலைக்கு வந்த பொம்பிளைப்பிள்ளை கிடைச்சா உடன கமெரா. அந்தப் பிள்ளை கடைசிவரைக்கும் குரல் உயத்தேல்ல, கையில இருந்த புக்கிங் கொப்பியை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு "சொறி அண்ணா, சொறி அண்ணா" எண்டுகொண்டு நிக்குது. உங்கட கண்ணுக்கு இதுதான் திமிரோ?

என்ர லிஸ்ற்றில இருந்துகொண்டு அந்த வீடியோவை ஷெயார் பண்ணின ஆக்கள் இண்டைக்கே எடுங்கோ. ஆர் ஆரெண்டு எனக்குத் தெரியும். வாசலில நிண்டவளுக்கு முகம் மறக்காது.