உமிக்கரி தண்ணீருக்கு ஈடாகாது

அண்ணே, "உமிக்கரி போட்டால் தண்ணீர் வற்றினாலும் நெல் எல்லாச் சத்தையும் எடுத்துக்கொள்ளும், உரமே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி, மீதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

சத்து மண்ணில் இருந்தால் மட்டும் போதாது. அது நீரில் கரைந்து வேர் வரை நகர வேண்டும். மண் காய்ந்தால் அந்தப் பாதையே அறுந்துவிடும். முதலில் அடிபடுவது பாஸ்பரஸ். பினாங்கின் செபராங் பிறை வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணில் காற்று இருக்காது. அப்போது இரும்பு கரைந்து, தான் பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸை விடும். வயல் காய்ந்ததும் அதே இரும்பு மறுபடி துருவாகி அதைக் கட்டிக்கொள்ளும். உரமூட்டையில் குறையில்லை, பயிருக்குத்தான் கிடைக்காது. தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், கதை வேறு: காய்ந்த மண்ணில் அதன் அமோனியம் வடிவம் நைட்ரேட் வடிவமாக மாறும், திரும்பத் தண்ணீர் பாய்ச்சினால் அதில் ஒரு பகுதி வாயுவாகப் பறந்துவிடும்.

உமிக்கரியில் சிலிக்காவும் கொஞ்சம் பொட்டாசியமும் உண்டு. சிலிக்கா வறட்சியைத் தாங்க உதவும், மறுக்கவில்லை. மணல் கலந்த மண்ணில் உமிக்கரி ஈரத்தையும் சற்றுப் பிடித்து வைக்கும். களிமண்ணில் அந்தப் பலன் குறைவு. ஆனால் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து உமிக்கரியில் அநேகமாக இல்லை. யூரியாவை நிறுத்தினால் இலை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

அப்புறம், மட்காத வைக்கோலை உழுது விடுவதும் உமிக்கரியும் ஒன்றல்ல. வைக்கோலை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் பயிரின் நைட்ரஜனைத்தான் பிடுங்கும். நடவுக்குச் சில வாரம் முன்பே உழுதுவிடுங்கள்.