பேய்ப் பத்திரமும் அதைச் சுமக்கிற 52 கார்டுகளும்

போன ஞாயிறு ஹட்டனில் நாங்கள் விளையாடுகிற மாடியறையில் ஒரு தம்பி என் டெக்கை, அதாவது நான் ஆடுவதற்குக் கட்டி வைத்திருக்கிற கார்டுக் கட்டை, விரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ரெண்டு கார்டுதானே விசேஷம், மிச்சமெல்லாம் சும்மா கார்டுதானே" என்று கேட்டான். குறையாகச் சொல்லவில்லை, தெரியாமல்தான் கேட்டான். அவனுக்கு அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன், மழை விட்டு அவன் தலவாக்கலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

நாங்கள் விளையாடுவது மேஜிக் த கேதரிங். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கிய ஆட்டம். தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: குறைந்தது 60 கார்டு, அடிப்படை லேண்டைத் தவிர ஒரே கார்டு 4க்கு மேல் வைக்கக் கூடாது, ஆளுக்கு 20 உயிர், முறைக்கு ஒரு கார்டு எடுக்கலாம், ஒரு லேண்ட் போடலாம். லேண்டிலிருந்து வருகிற மனா என்கிற சக்தியைச் செலவழித்துத்தான் மற்ற கார்டுகளை இறக்க வேண்டும்.

என் டெக்கின் நடுவில் இருப்பது டெமோனிக் பேக்ட். 2015இல் வந்த கார்டு, 4 மனா. எங்கள் மேசையில் அதற்குப் பேர் பேய்ப் பத்திரம். அதை இறக்கிய பிறகு உங்களுடைய ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது, கார்டு எடுப்பதற்கு முன்னால் வருகிற அப்கீப் கட்டத்தில், அதில் எழுதியிருக்கிற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்ததை மறுபடி எடுக்க முடியாது. ஒன்று, யாருக்காவது 4 அடி கொடுத்து நீங்கள் 4 உயிர் பெறலாம். இன்னொன்று, எதிராளி கையிலிருந்து 2 கார்டைக் கழிக்க வைக்கலாம். மூன்றாவது, நீங்கள் 2 கார்டு எடுக்கலாம். நான்காவது, நீங்கள் ஆட்டத்தில் தோற்றுப்போகிறீர்கள். அவ்வளவுதான், "தோற்றீர்கள்" என்றே எழுதியிருக்கிறது.

இதை நான் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மாவுக்குக் கார்டு என்றாலே பிடிக்காது, 304 என்ற சீட்டாட்டத்தில் காசு வைத்து விளையாடிச் சம்பளத்தை விட்ட ஆட்களைத் தோட்ட லயத்தில் நிறையப் பார்த்தவர். இது காசு வைத்து ஆடுவதில்லை என்று நம்ப வைக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. பத்திரத்தைச் சொன்னதும் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தபடி, "தீபாவளி அட்வான்ஸ் மாதிரி. வாங்குறப்ப இனிக்கும், அப்புறம் மாசா மாசம் சம்பளத்துல வெட்டுவான்" என்றார். பிறகு, "சரி, நாலாவதா வர்றத யாரு கட்டுறது?" என்று கேட்டார். இத்தனை வருடம் இந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில் அதுதான் மிகச் சரியான கேள்வி. டெக் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பதிலாக இருக்கிற கார்டு ஹார்ம்லெஸ் ஆஃபரிங், 2016இல் வந்தது, 3 மனா. பேருக்கு அர்த்தம் தீங்கில்லாத காணிக்கை. நான் மேசையில் இறக்கி வைத்திருக்கிற ஒரு கார்டை எதிராளியின் வசம் மாற்றிக் கொடுக்கும். மூன்று நல்லதையும் நான் அனுபவித்துவிட்டுப் பத்திரத்தை அவரிடம் தள்ளினால், அவருடைய அப்கீப்பில் தேர்ந்தெடுக்க நான்காவது மட்டும்தான் மிச்சம் இருக்கும். இங்கே எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும்: கை மாறினால் கணக்கும் புதிதாகத் தொடங்காதா? தொடங்காது. எந்தத் தேர்வு முடிந்தது என்பது அந்தப் பத்திரத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், யார் தேர்ந்தெடுத்தார் என்பது கணக்கில் இல்லை. விதி விளக்கத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. அவசரப்பட்டு இரண்டை மட்டும் அனுபவித்துவிட்டுக் கொடுத்தால் மூன்றாவது நல்லதை அவர்தான் எடுத்துக்கொள்வார்.

இப்போது முறைகளை எண்ணுங்கள். நான்காவது முறையில் பத்திரம் இறங்குகிறது. 5, 6, 7ஆம் முறைகளின் அப்கீப்பில் மூன்று நல்லது. ஏழாவது முறையிலேயே காணிக்கையைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் எட்டாவது முறையின் அப்கீப்பில், அந்த முறைக்கான கார்டை எடுப்பதற்கு முன்னாலேயே, நான் தோற்றுவிடுவேன். கடைசி நேரத்தில் ஒரு கார்டு வந்து காப்பாற்றும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் ஆடுகிறவன் ஏழாவது முறையில் பார்த்திருப்பது 13 கார்டு, பத்திரம் கொடுத்த 2ஐயும் சேர்த்தால் 15. 60 கார்டுள்ள டெக்கில் 4 காணிக்கை வைத்திருந்தால் அந்த 15இல் ஒன்றுகூட வராமல் போக 31 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்து ஆட்டத்தில் மூன்றில் என் பத்திரமே என்னைக் கொல்லும். முதல் இரண்டு மாதம் எனக்கு இதுதான் நடந்தது. நான் துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஒரு இரவு கரண்ட் போனபோது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது துரதிர்ஷ்டமில்லை, நானே கட்டி வைத்தது.

அங்கிருந்துதான் இந்த டெக் டெக்காக மாறத் தொடங்கியது. அதற்கு முன் நான் செய்திருந்தது எல்லாரும் செய்வதுதான்: எனக்குப் பிடித்த இரண்டு கார்டு, பக்கத்தில் பலமான கார்டுகள், பெரிய பெரிய அரக்கர்கள். ஒவ்வொன்றும் தனியாக நல்ல கார்டு. ஆனால் அந்த அரக்கர்களுக்குப் பத்திரமும் தேவையில்லை, காணிக்கையும் தேவையில்லை. அவை ஜெயித்த ஆட்டங்களில் பத்திரம் என் கையிலேயே கிடக்கும். ஒரு ஜோடியை மையமாக வைத்துக் கட்டுவது என்றால் மற்ற ஒவ்வொரு கார்டையும் எடுத்து, நீ இந்த ஜோடிக்கு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க வேண்டும், பதில் இல்லாததை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வெளியே எடுக்க வேண்டும். நான் ஏழு அரக்கர்களை எடுத்தேன். அதில் ஒன்று என் பிறந்தநாளுக்குத் தங்கச்சி வாங்கிக் கொடுத்தது. அது இப்போது ஆல்பத்தில் இருக்கிறது.

ஜோடிக்கு 8, லேண்டுக்கு 24. மிச்சம் 28. தம்பி சும்மா கார்டு என்று சொன்னது இந்த 28ஐத்தான்.

முதலில் 31 சதவீதத்தைக் குறைக்க வேண்டும். எந்தக் கார்டையும் தேடி எடுக்கக்கூடிய டயபாலிக் டியூட்டர் இரண்டு சேர்த்தேன். அப்புறம் க்ளாஸ் ஆஃப் கிக்ஸ் இரண்டு. இது 1998ஆம் ஆண்டுக் கார்டு, இறக்க மனாவே தேவையில்லை, 1 மனா கொடுத்து மேசையில் இருக்கிற என்னுடைய ஏதாவது ஒரு கார்டைப் பலியிட்டால் 1 உயிர் கிடைக்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத கார்டு மாதிரி இருக்கும். ஆனால் காணிக்கை வராத நாளில் பத்திரத்தையே பலியிட்டுவிட்டுத் தப்பிக்கலாம். மூன்று நல்லதும் வாங்கியாகிவிட்டது, நான்காவதைக் கட்ட வேண்டியதில்லை. இப்படித் தப்பிக்க 8 கார்டு இருந்தால், 15 கார்டில் ஒன்றுகூட வராமல் போகிற வாய்ப்பு 8 சதவீதத்துக்குக் கிட்டவாக இறங்கிவிடும். 31 எங்கே, 8 எங்கே.

பண்டாரவளை நண்பன் ஒருவன் என் டெக்கை வாங்கி ஆடியபோது இந்த க்ளாஸை வைத்தே தோற்றான், அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது முறையின் அப்கீப் வரைக்கும் காத்திருந்து, நான்காவது தேர்வு வந்த பிறகு பத்திரத்தைப் பலியிட்டான். பலனில்லை மச்சான், அந்தத் தேர்வு ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது, பத்திரம் போனாலும் அது நடந்தே தீரும். எதிராளியின் முறை முடிவதற்குள் பலியிட வேண்டும். ஒரு கட்டம் பிந்தினால் போச்சு.

அடுத்தது எல்லாரும் என்னிடம் சொல்கிற யோசனை: டார்க் ரிச்சுவல் போடு. 1 மனாவை 3 ஆக்கும், இரண்டாவது முறையிலேயே பத்திரத்தை இறக்கலாம். நானும் நான்கு வைத்திருந்தேன். பார்க்க ஜோராக இருக்கும், மேசையில் எல்லாரும் ஆ என்பார்கள். ஆனால் பத்திரம் இரண்டு முறை முந்தி இறங்கினால் கெடுவும் இரண்டு முறை முந்தி வரும். ஐந்தாவது முறையில் நான் பார்த்திருப்பது 13 கார்டுதான். 4 காணிக்கை மட்டும் வைத்திருந்தால் வராமல் போகிற வாய்ப்பு 31இலிருந்து 37 சதவீதத்துக்கு ஏறும், 8 கார்டு இருந்தாலும் 12க்கு ஏறும். வேகம் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். கடன் வாங்கியவனுக்கு நாள் வேகமாகப் போவது எப்படி நல்லதாகும்? நான்கையும் எடுத்துவிட்டேன். இதில் என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம், கணக்கோடு வாருங்கள்.

மூன்று நல்லதை எந்த வரிசையில் வாங்குவது என்பதும் பெரிய விஷயம். என் வரிசை: முதலில் 2 கார்டு, ஏனென்றால் காணிக்கையைத் தேட வேண்டும். அடுத்து 4 அடி. எதிராளியின் கையைக் கழிப்பதைக் கடைசிக்கு, காணிக்கை போடுகிற அதே முறைக்கு வைத்துக்கொள்வேன். ஏனென்றால் பத்திரம் கை மாறிய பிறகு எதிராளிக்குத் தப்பிக்க ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. டிஸென்சான்ட் மாதிரி ஒன்று கையில் இருந்தால் என் முறை முடிவதற்குள் பத்திரத்தை உடைத்துவிடலாம். அவருடைய அப்கீப்பில் தேர்வு புறப்பட்ட பிறகு உடைத்தும் பிரயோசனமில்லை. அந்த இடைவெளிக்குச் சற்று முன்னால் அவர் கையிலிருந்து 2 கார்டு போய்விட்டால்? கூடவே டூரெஸ் 4 வைத்திருக்கிறேன், 1 மனாவுக்கு அவர் கையைப் பார்த்து, அரக்கரும் லேண்டும் அல்லாத ஒன்றை எடுத்துப் போடலாம். ஏழாவது முறையில் டூரெஸ் 1, காணிக்கை 3, மொத்தம் 4 மனாதான். எதிராளி அரக்கர்களை வேகமாக இறக்குகிற ஆள் என்றால் வரிசை மாறும், அப்போது 4 அடியை முதலில் கொடுக்க வேண்டியிருக்கும். அதை ஆடித்தான் பழக வேண்டும்.

மற்றதெல்லாம் ஏழாவது முறை வரைக்கும் உயிரோடு இருப்பதற்கு. அரக்கர்களை அடிக்க லைட்னிங் போல்ட், டெர்மினேட், பைரோக்ளாசம், அப்புறம் கார்டு எடுக்க நைட்ஸ் விஸ்பரும் ரீட் த போன்ஸும். பெஸ்டிலென்ஸ் இரண்டு இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் திருப்தியில்லை. எல்லா அரக்கர்களையும் அடிக்கும், ஆனால் என்னையும் அடிக்கும், ரீட் த போன்ஸும் என் உயிரைத் தின்கிறது.

இந்த யோசனை நான் கண்டுபிடித்ததில்லை. இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது. 1995இல் வந்த இல்யூஷன்ஸ் ஆஃப் கிராண்டியர், 1999இல் வந்த டொனேட். முன்னது இறங்கும்போது 20 உயிர் தரும், போகும்போது 20 உயிர் பறிக்கும், வைத்திருக்க ஒவ்வொரு அப்கீப்பிலும் 2, 4, 6 என்று கூடிக்கொண்டே போகிற மனா கட்ட வேண்டும். நான்காவது முறையில் 4 மனாவுக்கு இறக்கி, ஐந்தாவது முறையில் 2 மனா கட்டினால் கையில் 3 மிஞ்சும், டொனேட்டின் விலை சரியாக 3. இந்தக் கணக்கை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேறு வேறு வருடத்தில் வந்த இரண்டு கார்டுகள், ஒரு மனாகூடக் குறையாமல் கூடாமல் பொருந்துகின்றன. 2000ஆம் ஆண்டளவில் டிரிக்ஸ் என்ற பேரில் போட்டிகளை ஆட்டி வைத்த டெக் அது. நான் அதைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் விலை மட்டும்தான்.

விலை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360க்குப் போனபோது, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கார்டுப் பெட்டி வாங்க வைத்திருந்த காசு பாதிப் பெட்டிக்கும் போதவில்லை. அப்போதிருந்து எங்கள் மேசையில் கொமினிகேஷன் கடையில் அச்சடித்த தாளை ஸ்லீவில், அதாவது கார்டு உறையில், போட்டு ஆடலாம் என்று முடிவு செய்தோம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதைக் கள்ளக் கார்டு என்றார். எனக்கு மனம் நொந்தது. விற்பதற்காக அசல் மாதிரி அச்சடிப்பது கள்ளம்தான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டு மேசையில் ஆடிப் பார்க்கத் தாளில் எழுதி வைப்பது வேறு. கார்டை வெளியிடுகிற நிறுவனமே 2016இல், சொந்தப் பாவனைக்கு, வியாபாரம் இல்லாமல் செய்கிற சோதனைக் கார்டுகளைத் தாங்கள் தடுக்க விரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறது. அதிகாரபூர்வப் போட்டிக்கு அசல் வேண்டும், அது சரி. ஆனால் ஒரு டெக் ஓடுமா ஓடாதா என்று தெரிவதற்கு முன்னால் ஒரு பெடியன் அம்மாவின் நாலு நாள் கூலிக் காசைச் செலவழிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. தாளில் முப்பது ஆட்டம் ஆடு, தோற்றுப் பார், எழுதி வை, மாற்று. பிறகு வாங்கு. பளபளப்பு ஃபாயில் மட்டும் வாங்காதே, நம்முடைய ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும், ஃபாயில் ஈரம் இழுக்காது, தாள் இழுக்கும்.

தம்பி, நீ அன்றைக்கு உன்னுடைய ஜோடி ஒன்றையும் காட்டினாய், நேரமில்லாமல் சரியாகப் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு அதைக் கொண்டு வா, கூடவே ஒரு கொப்பியும் பேனாவும். உன் ஜோடிக்கு எந்த முறையில் கெடு விழுகிறது என்று முதலில் எண்ணுவோம், மற்றக் கார்டுகளை அப்புறம் பார்க்கலாம்.

கண்டி, பதுளைப் பக்கம் யாரிடமாவது அசல் க்ளாஸ் ஆஃப் கிக்ஸ் இரண்டு இருந்தால் சொல்லுங்கள், என்னுடையது இன்னும் தாள்தான். மாற்றுக்கு அந்த டார்க் ரிச்சுவல் நான்கும் சும்மா கிடக்கின்றன.